அண்ணன் கறுப்புப் பூசிய என்ஜின் மூடி

ரொட்டிக்காரர் ரொட்டி சுடுகிற தகர அச்சைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கவிழ்த்து வைத்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது அந்த மூடி. நீளம் மட்டும் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. இரும்புத் தகடு. ஓரமெல்லாம் போல்ட்டு முடுக்க ஓட்டைகள், ஒரு முனையில் எண்ணெய் ஊற்ற ஒரு வட்ட வாய். காரின் என்ஜினுக்கு மேலே வால்வுகளை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சாமான் அது என்று அண்ணன் சொன்னார். வால்வு என்றால் என்னவென்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் அந்த மூடி இரண்டு நாள் என் அடுப்படியில் இருந்தது. பச்சைப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது போல் அதைப் பார்த்துக்கொண்டேன். அந்த அக்கறைதான் என் அண்ணனின் பிழைப்பைக் கெடுத்தது.

மலாயாவில் கித்தா என்கிற ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். ஓர் அறை, ஒரு முன்கூடம், புகை போக வழியில்லாத ஓர் அடுப்படி. முன்கூடத்தில் அண்ணனின் கயிற்றுக் கட்டில். எங்கள் அப்பாவும் அம்மாவும் எஸ்டேட்டிலேயே காய்ச்சலில் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பத்தொன்பது. அந்த எஸ்டேட்டில் புல் வெட்டி, துரையின் காரைக் கழுவி, பிறகு அதே காரை ஓட்டக் கற்று, லைசென்ஸ் எடுத்து, எனக்கு ஒரு மாப்பிள்ளையும் பார்த்துக் கட்டிக்கொடுத்தவர் அவர். தனக்கு மட்டும் எதையும் பார்த்துக்கொள்ளவில்லை. துரை கோலாலம்பூருக்கு மாற்றலாகி வந்தபோது அவரோடு வந்தார். பகலெல்லாம் பங்களாவில் இருப்பார், இரவு எங்களோடு சாப்பிடுவார். பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைச் சட்டையைத் தானேதான் துவைப்பார், என்னை நம்பமாட்டார். நான் வாயாடி. "உன் வாய்க்கு ரயில்வே கேட்டு மாதிரி ஒண்ணு போடணும், புள்ளே. அப்பவாச்சும் மத்தவங்க கடந்து போவாங்க" என்பார். நானும் விடமாட்டேன். "கேட்டு போட்டா உங்களுக்கு யாரு சோறு போடக் கூப்பிடுவா?" என்பேன். எங்கள் வீட்டில் சிரிப்பு என்பது பெரும்பாலும் அவ்வளவுதான்.

துரையைச் சீமைக்குத் திரும்பச் சொல்லி உத்தரவு வந்தது. அவருக்கே வேலை போய்விட்டது என்று சமையல்காரர் காதோடு காதாகச் சொன்னாராம். பங்களாவில் ஒவ்வொரு சாமானாக விலைக்குப் போயிற்று, கடைசியில் காரும். கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி அதைப் பார்க்க விரும்பினார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. வண்டி நல்லபடியாக இருந்து, வண்டியை அறிந்த டிரைவரும் கூடவே வந்தால் இரண்டையும் வைத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். கடைக்குப் பின்னால் டிரைவருக்கு ஓர் அறையும் உண்டாம். அந்த அறையை அண்ணன் பார்த்ததே இல்லை. இருந்தாலும் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று என் வீட்டுக்காரரிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார்.

அது கிடைக்காவிட்டால் கப்பல்தான். வேலையில்லாதவர்களைச் சர்க்கார் இலவசமாகக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் பக்கம் தினமும் அந்தக் கூட்டத்தைப் பார்ப்போம். தகரப் பெட்டி, சுருட்டிய பாய், அழுது வீங்கிய பிள்ளைகள். என் வீட்டுக்காரரின் சம்பளத்தையே குறைத்துவிட்டார்கள். நான் ஐந்து மாதக் கர்ப்பம். அண்ணனை வைத்துச் சோறு போடுகிறோம் என்று அவர் சொன்னார், மனதாரத்தான் சொன்னார். அண்ணன் கேட்கமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். ஐந்து வயதில் மலாயாவுக்கு வந்தவர் அவர். நான் இங்கேயே பிறந்தவள். ஊர் என்று ஒன்று இருந்தது; அதன் பெயர் எங்களுக்குத் தெரியும், வேறொன்றும் தெரியாது. அங்கே எங்களுக்காகக் கதவைத் திறக்க ஒரு ஜீவன் இல்லை.

கார் நன்றாகத்தான் ஓடியது. கொட்டகைக் கூரைதான் ஒழுகியிருக்கிறது. செலவைக் குறைக்கத் துரை மாதக்கணக்கில் எடுக்காமல் நிறுத்திய வண்டிக்குள் தண்ணீர் சொட்டிச் சொட்டி, அந்த மூடியில் இருந்த பூச்சு பொருக்குப் பொருக்காக உரிந்து, உள்ளே செந்துரு பிடித்துவிட்டது. ஓட்டத்துக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் பானெட்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். "முகத்தைப் பாத்துட்டுத்தான் குணத்தைக் கேப்பாங்க, புள்ளே" என்றார் அண்ணன். பட்டறையில் கொடுக்கிற செலவுக்குத் துரை சம்மதிக்கமாட்டார். அதனால் பங்களாவிலிருந்து மூடியைக் கழற்றி, சாக்கில் சுற்றி, ஒரு சனிக்கிழமை காலையில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பாசார்ச் சந்தைப் பக்கத்து இரும்புக்கடைச் சீனரிடம் ஒரு டப்பா கறுப்பு எனாமல் பெயின்ட், உப்புத்தாள், பன்றிமயிர்ப் பிரஷ் எல்லாம் வாங்கி வந்திருந்தார்.

பின்வாசலில் உட்கார்ந்து அவர் அதைச் சுத்தம் செய்த அழகை இப்போதும் சொல்லமுடியும். சலவைச் சோடாவைக் கொதிக்கவைத்து ஊற்றிப் பழைய பூச்சை ஊறவைத்தார். தேய்ந்த கரண்டியால் சுரண்டினார். உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி, ஒரே திசையில், அவசரமில்லாமல் தேய்த்தார். ஓட்டைகளுக்குள் தீக்குச்சியில் துணி சுற்றித் துடைத்தார். கடைசியில் பெட்ரோலில் நனைத்த துணியால் ஒரு முறை, புதுத் துணியால் ஒரு முறை. இரும்பு வெள்ளிப் பாத்திரம் மாதிரி வந்துவிட்டது. பூச வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துத் துரை கூப்பிடுகிறார் என்று பங்களாவிலிருந்து ஆள் வந்து நின்றது. அண்ணன் மூடியை அடுப்படியில் பலகை மேல் வைத்தார். "சாயந்தரம் வந்து பூசிக்கிறேன். மழை வரும்போல இருக்கு. ஈரம் படாம பாத்துக்க" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

மழை வந்தது. பிரிக்பீல்ட்ஸில் மழை வெளியே மட்டும் பெய்யாது. சுவரில், உப்பு ஜாடியில், துணிமணியில் எல்லாம் பெய்யும். பொழுது கொஞ்சம் நகர்ந்ததும் மூடியைப் பார்த்தேன். பளபளப்பின் மேல் லேசாகச் செம்மஞ்சள் படர்ந்திருந்தது. காலையிலிருந்து அவர் தோள் நோகத் தேய்த்தது இப்படிப் போகிறதே! இரும்பில் துரு ஏறினால் என்ன செய்யவேண்டும் என்று எங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. தோசைக்கல்லுக்கும் அரிவாள்மனைக்கும் தினமும் செய்கிறோம். தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டு நன்றாகத் தேய்த்தேன். துடைத்தேன். பிறகு சுத்தமான துணியை நல்லெண்ணெயில் தொட்டு, மூலைமுடுக்கு விடாமல் தடவினேன். எண்ணெய் வழிந்தால் அசிங்கமாக இருக்குமே என்று வேறு துணியால் அழுத்தித் துடைத்தும் வைத்தேன். பார்க்க முன்னைக் காட்டிலும் மினுங்கியது. தோசைக்கல்லுக்குச் செய்தது தப்பில்லை என்றால் இதற்கு மட்டும் எப்படித் தப்பாகும் என்றுதான் நினைத்திருப்பேன். நினைத்தேனோ என்னவோ, கை தானாகச் செய்துவிட்டது.

அண்ணன் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பினார். மூடியைப் பார்த்ததும், "அட, ஒரு பொட்டுத் துரு இல்லையே!" என்றார். "யாரு பாத்துக்கிட்டது!" என்றேன். எண்ணெய் தடவியதைச் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று இல்லை. துரு வந்ததைச் சொன்னால் மனசு கஷ்டப்படுமே என்று ஒன்று. மெச்சிக்கொண்டாரே, அது கொஞ்ச நேரம் நிற்கட்டுமே என்று இன்னொன்று. ஊர்க்கதையெல்லாம் அளக்கிறவள், அந்த ஒரு வரியை மட்டும் சொல்லாமல் விட்டேன். அவர் அப்படியே பெயின்ட் டப்பாவைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசினார்.

மறுநாள் காலையிலும் பூச்சு விரலில் ஒட்டியது. "எனாமல் இவ்வளவு நேரம் பிடிக்காதே" என்று அண்ணன் யோசித்தார். மழைக்காலம் என்று தானே சமாதானம் செய்துகொண்டார். மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றைப் படுக்கவைத்து, அதற்குள் மூடியைக் கம்பியில் தொங்கவிட்டு, அடியில் கரிக் கங்கைப் பரப்பி, வாய்க்குச் சாக்குப் போட்டு இரண்டு மணி நேரம் சூடு காட்டினார். அதற்குப் பிறகு பூச்சு இறுகிவிட்டது. ஓரத்தில் ஒரு சின்னக் கொப்புளம் மட்டும் எழும்பியிருந்தது. அதை ஊசியால் குத்தி, மேலே ஒரு பூச்சு வைத்தார். என் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "மச்சான், சீமையிலேருந்து இப்பத்தான் எறக்கின மாதிரி இருக்கு" என்றார். அன்று அண்ணன் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை மூடியைக் கொண்டுபோய் மாட்டிவிட்டார். செவ்வாய்க்கிழமை காரைக் கிள்ளானுக்கு எடுத்துப் போகவேண்டும். என்னையும் வரச் சொன்னார். முதலாளி வீட்டுப் பெண்கள் ஏறிப்போகிற வண்டி. டிரைவர் குடும்பத்தோடு இருக்கிற ஆளா என்று முதலாளியம்மா கேட்பார்கள், கூட்டிப்போய்க் காட்டத் தனக்கு மனைவியா இருக்கிறாள் என்று சிரித்தார். கல்யாணச் சேலையை உடுத்திக்கொண்டு பின் ஸீட்டில் உட்கார்ந்தேன். முதல் முறை கார் ஏறுகிறவளுக்கு வழியெல்லாம் வேடிக்கை. பாதி வழி தாண்டியிருக்கும். காற்றில் ஒரு வாசம் வந்தது. என் மூக்குக்கு அதைப் புரிந்துகொள்ள நேரம் ஆகவில்லை. காய்கிற நல்லெண்ணெய். எண்ணெய் மேல் பூச்சு நிற்காது என்று அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. அண்ணனும் மோந்து பார்த்தார். "எந்த வீட்டுலயோ பலகாரம் சுடுறாங்க" என்றார். சுற்றிலும் கித்தா மரம்தான்; வீடே இல்லை. ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன்.

முதலாளி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். நல்ல மனுஷர் என்றுதான் இன்றும் சொல்வேன். அந்த அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு, மோர் கொடுத்து, எத்தனை மாதம் என்று விசாரித்தார்கள். அண்ணன் குணம் எப்படி என்று கேட்டார்கள். நான் விடுவேனா! குடிக்கமாட்டார், சீட்டாடமாட்டார், பொய் சொல்லமாட்டார் என்று அடுக்கினேன். "நம்ம வீட்டுக்கு அப்படி ஒரு ஆள்தாம்மா வேணும்" என்றார்கள். வெளியே சத்தம் கேட்டுத்தான் இரண்டு பேரும் எழுந்து வந்தோம்.

பானெட் திறந்திருந்தது. அந்த மூடியின் மேல் கறுப்புப் பூச்சு, எண்ணெயில் போட்ட அப்பளம் போல் கொப்பளித்துக் கிளம்பியிருந்தது. மெல்லிசாகப் புகை வந்தது. முதலாளி கூட்டிவந்திருந்த பட்டறைக்காரர் விரலால் தொட்டார். ஒரு துண்டு முழுதாக உரிந்து கையோடு வந்தது. அதன் அடிப்பக்கத்தில் எண்ணெய் மினுங்கியது. அவர் அதை முதலாளியிடம் நீட்டினார். "பாருங்க முதலாளி, உள்ள எண்ணெய். மூடியில எங்கேயோ விரிசல் இருக்கு, எண்ணெய் கசியுது. அத மறைக்கத்தான் மேல பூசியிருக்கான்."

"யாருப்பா பூசினது?" என்றார் முதலாளி.

"நான்தாங்க."

"விரிசல் இருக்கா?"

"இல்லீங்க. சத்தியமா இல்லீங்க."

"பின்ன எண்ணெய் எங்கேருந்து வந்துச்சு?"

அண்ணன் அந்தத் துண்டை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். எங்கள் வீட்டுத் தோசையை எத்தனை வருஷமாகச் சாப்பிட்டவர் அவர்! தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. வெறுமனே பார்த்தார், வண்டியை நிறுத்திவிட்டு யாராவது ஏறுவார்களா என்று பார்ப்பதுபோல. நான் நிலைப்படியில் நின்றேன். என் பக்கத்தில் அந்த அம்மா. "நான்தான் எண்ணெய் தடவினேன், துரு பிடிக்குமேன்னு" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? சிரித்திருப்பார்கள். பைத்தியக்காரப் பெண் என்று சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான். மூடியைத் துடைத்துப் பார்த்தால் விரிசல் இல்லை என்று தெரிந்துபோகும். ஆனால் அத்தனை ஆண்கள் மத்தியில், இப்போதுதான் என் பேச்சை முழுசாக நம்பிய அந்த அம்மா முன்னால், தோசைக்கல் புத்தியோடு அண்ணன் வேலையைக் கெடுத்தவள் நான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் என்னிடமிருந்து கண்ணை எடுத்துக்கொண்டார். "தெரியலீங்க" என்றார்.

"தெரியாதா? வண்டிய அஞ்சு வருஷமா நீதான ஓட்டுற?" முதலாளி சத்தம்கூடப் போடவில்லை. "பழைய வண்டியில பழுது இருக்கும் தம்பி, அது குத்தமில்ல. மறைச்சது குத்தம். நாளைக்கு என் வீட்டுப் பொம்பளைங்கள உன்ன நம்பி எப்படி ஏத்துவேன்?" பானெட்டைத் தானே மூடிவிட்டு உள்ளே போனார். அந்த அம்மா என் கையிலிருந்த மோர்த் தம்ளரை வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பி வரும் வழியில் அண்ணன் காரை ஓரிடத்தில் நிறுத்தினார். இப்போது கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். இறங்கிப் போய் எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்து கொடுத்தார். "வயித்துப் புள்ளக்காரி, காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல" என்றார். அதை எப்படித் தின்றேன் என்று தெரியவில்லை, ஆனால் தின்றேன். வீட்டில் என் வீட்டுக்காரர் ஓடிவந்து என்ன ஆயிற்று என்று கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "பெயின்ட் சரியில்ல மச்சான். கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார். பொய் சொல்லமாட்டார் என்று அன்று காலையில்தான் சாட்சி சொல்லிவிட்டு வந்திருந்தேன். என் வீட்டுக்காரர் கடைசி வரை அதை நம்பினார். அந்தச் சீனர் கடையில் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஓர் ஆணிகூட வாங்கவில்லை. அந்த மனிதரை வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பாவம், அந்தச் சீனருக்குக் கடைசிவரை காரணம் தெரியாது. அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

முதலாளி துரைக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். துரை மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. விற்பனை கெட்ட ஆத்திரம் அவருக்கு. போகும்போது சமையல்காரருக்கும் தோட்டக்காரருக்கும் நற்சாட்சிக் கடிதம் எழுதிக் கொடுத்தவர் அண்ணனுக்குக் கொடுக்கவில்லை. அந்தக் காலத்தில் அந்தக் காகிதம் இல்லாத டிரைவரை எந்தப் பங்களாவிலும் வாசலுக்குள் விடமாட்டார்கள். அண்ணன் ஒரு மாதம் அலைந்தார். இருபது மைல் தள்ளியிருக்கிற ரவாங் வரைக்கும் நடந்து போய் லோரி ஓட்டக் கேட்டுப் பார்த்தார். எங்கே போனாலும் கடைசி துரை என்ன எழுதிக்கொடுத்தார் என்று கேட்டார்கள். பிறகு ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல் போய்க் கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். என் வீட்டுக்காரர் அழுதார். நான் அழவில்லை, அழுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று நினைத்தேன்.

இதையெல்லாம் இப்போது எழுதும்போது, அந்த ஒரு மாதத்தில் எத்தனை நாள் இருந்தது என்றுதான் தோன்றுகிறது. எந்த நாளிலும் கிள்ளானுக்கு ரயிலேறிப் போய் அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ரயில்வேக்காரர் பெண்டாட்டிக்கு ரயிலேறவா வழி தெரியாது? இன்று போகலாம், நாளை போகலாம் என்று நினைத்து நினைத்தே நாளைப் போக்கினேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் பிழைத்துத்தான் இருக்கிறேன். பிள்ளை பெற்றேன், ஜப்பான் சண்டைக்காலத்தைத் தாண்டினேன், வீட்டுக்காரரையும் மேலே அனுப்பிவைத்தேன், இப்போது மகன் வீட்டில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருக்கிறேன்.

போர்ட் சுவெட்டன்ஹம் வரைக்கும் போய்த்தான் வழியனுப்பினோம். கப்பல் தூரத்தில் நின்றது. படகில் ஏற்றி அதற்குக் கொண்டுபோனார்கள். வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. அண்ணன் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொள்ளவில்லை. மடித்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்திருந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்காரர் இரண்டடி முன்னால் போனபோதுதான் நாங்கள் தனியாக நின்றோம். "அண்ணே, அன்னைக்கு அந்த மூடியில..." என்று ஆரம்பித்தேன். அவர் என் தலையில் கைவைத்தார்.

"நீ தடவினது தப்பில்ல, புள்ளே. உனக்குத் தெரிஞ்சத செஞ்ச" என்றார். வரிசை நகர்ந்தது. அவரும் நகர்ந்தார். பிறகு திரும்பி, திட்டுகிற குரலில் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்: "அங்க ஒரு வார்த்தை ஏன் சொல்லல?"

பதில் சொல்வதற்குள் அவரைப் படகில் ஏற்றிவிட்டார்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. முதலாவதில் வேலை தேடுவதாக எழுதியிருந்தார். இரண்டாவதில் ஊருக்குப் போனதாகவும், அப்பா பெயரைச் சொல்லியும் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை என்றும். மூன்றாவது யாரிடமோ சொல்லி எழுதவைத்தது. உடம்பு சரியில்லை, பிள்ளை யார் சாடை என்று மட்டும் கேட்டிருந்தார். படகில் ஏறும்போது கேட்டதை அவர் எதிலும் திரும்பக் கேட்கவில்லை. மூன்றுக்கும் நான் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினேன். பிள்ளைக்குப் பல் முளைத்தது, மழை, ரயில்வேயில் ஆள் குறைத்தது, பக்கத்து வீட்டுச் சண்டை, எல்லாம் எழுதினேன். அதை மட்டும் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதலாம் என்று இருந்தேன். நான்காவது கடிதம் வரவில்லை.